ஃபாக்ஸை மார்த் வெச்சு எப்படி சமாளிக்கிறது: மெலீ மேட்ச்சப் முழு வழிகாட்டி

மெலீங்கிற சண்டை கேமை ஆட ஆரம்பிச்சு கொஞ்ச நாள்லயே எல்லாருக்கும் ஒண்ணு புரிஞ்சிடும், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஃபாக்ஸ்ங்கிற கேரக்டர்தான். நான் கத்தி வெச்சிருக்கிற மார்த் கேரக்டரை ஆடுறவன். மொத ஆறு மாசம் எதிர்ல ஃபாக்ஸ் வந்தாலே கன்ட்ரோலரைக் கீழ வெச்சிட்டு எழுந்து போயிடலாம்னு இருக்கும், ஏன்னா கத்தி என் கையில, அடி மட்டும் எனக்கே விழுது, இது என்ன நியாயம்னு புரியல. ரொம்ப லேட்டாதான் தப்பு எங்கன்னு தெரிஞ்சுது. கத்தி இருக்கேன்னு கத்தியாலயே ஜெயிக்கப் பார்த்தேன். இந்த மேட்ச்சப்ல, அதாவது இந்த ரெண்டு கேரக்டர் மோதல்ல, கத்தி சோளக்கொல்லை பொம்மை மாதிரி, கிட்ட வராம மிரட்டத்தான். அறுவடை பண்றது கிராப், அதாவது ஆளைப் பிடிக்கிறது. இத மனசுல வெச்சுகிட்டு மிச்சத்தைப் படிங்க.

கேம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி: சூப்பர் ஸ்மாஷ் ப்ரோஸ் மெலீ 2001ல கேம்க்யூபுக்கு வந்தது, எச்ஏஎல் லேபரட்டரி பண்ணது, இயக்கினது மசாஹிரோ சகுராய். இருபது வருஷத்துக்கு மேல ஆகியும் ஜனங்க விடாம ஆடிட்டு இருக்காங்க. 2020 ஜூன்ல ஸ்லிப்பிங்கிற ஆன்லைன் ஆட்ட சாஃப்ட்வேருக்கு, நெட் தாமதத்தை மறைக்கிற ரோல்பேக் வந்தப்புறம் வீட்டுல உக்காந்தே ஒழுங்கா ஆன்லைன்ல ஆட முடியுது, நான் உள்ள வந்ததே அந்த வழியாதான். டோர்னமென்ட்ல 4 ஸ்டாக் (உயிர்), 8 நிமிஷம், ஐட்டம் கிடையாது. எல்-கேன்சல் (எறங்குற தாமதத்தைக் குறைக்கிறது), வேவ்டேஷ் (தரையில சறுக்குறது), டேஷ் டான்ஸ் (முன்னும் பின்னும் மாத்தி மாத்தி ஓடுறது) இதெல்லாம் ஓரளவு கை பழகினவங்களுக்குதான் இந்த வழிகாட்டி. அது இன்னும் வரலன்னா மொதல்ல அதை ஒரு ரெண்டு வாரம் பழகிட்டு வாங்க, அவசரம் ஒண்ணுமில்ல.

படி 1: ஃபாக்ஸ்கிட்ட என்ன இருக்கு, உங்ககிட்ட என்ன இருக்கு

கேம் செகண்டுக்கு 60 ஃப்ரேம் ஓடுது. ஃபாக்ஸோட ஷைன் (கிட்ட இருக்கிறவனைத் தட்டிவிடுற டவுன் பி மூவ்) மொத ஃப்ரேம்லயே அடிக்கும். பட்டனை அமுக்கினதுமே அடி விழுந்தாச்சு, பாத்துட்டு தடுக்கலாங்கிற பேச்சே இல்ல. தரையை விட்டு எழும்ப அவனுக்கு 3 ஃப்ரேம் போதும், மார்த்துக்கு 4. அவனோட அப் ஸ்மாஷ் (மேல்நோக்கி போடுற பலமான அடி) 7வது ஃப்ரேம்ல வந்துரும், வந்தா மேல அனுப்பிரும். தூரத்துல நின்னா லேசர் அடிச்சு ஒண்ணு ரெண்டா பர்சென்ட் (வாங்கின அடியோட கணக்கு, ஏற ஏற தூரமா பறப்போம்) ஏத்திட்டே இருப்பான், அந்த லேசர் நம்மள நிறுத்தக்கூட நிறுத்தாது, சும்மா கொசுக்கடிதான், ஆனா விடிய விடிய கொசு கடிச்சா என்ன ஆகும்னு தெரியும்ல.

நம்ம பக்கம் பாத்தா நீளம் இருக்கு, கத்தி முனை இருக்கு. ஃபார்வர்ட் ஸ்மாஷ் முனையில பட்டா 20 டேமேஜ், உள்பக்கம் பட்டா 14தான், தூக்கி எறியிறதுல அதைவிடப் பெரிய வித்தியாசம். ஃபார்வர்ட் ஏர் (ஏர்னா காத்துல இருந்து போடுற அடி) 4வது ஃப்ரேம்ல வரும், டவுன் டில்ட் (டில்ட்னா தரையில போடுற லேசான அடி) 7ல வரும், நின்ன இடத்துல போடுற கிராப்பும் 7தான், அந்த கிராப் எட்டுற தூரம் இருக்கே, பாக்கிறவன் கடுப்பாகிற அளவு நீளம்.

இன்னொண்ணு. ஃபாக்ஸ் லேசான ஆளு ஆனா கீழ விழுற வேகம் ரொம்ப அதிகம். மேல தூக்கிப் போட்டா லபக்குன்னு திரும்ப கைக்கே வந்துருவான். மொத்த மேட்ச்சப்பும் இந்த ஒரு குணத்து மேலதான் நிக்குது. அவனுக்கு நம்மள தொட நிறைய வழி இருக்கு, நமக்கு கம்மி. ஆனா நாம ஒரு தடவ தொட்டா பாதி ஸ்டாக், சில ஸ்டேஜ்ல முழு ஸ்டாக். அதனால நியூட்ரல்ல, அதாவது யார் கையும் ஓங்காத நேரத்துல, அவன் நம்மள விட அதிக தடவ ஜெயிப்பான், ஜெயிக்கட்டும், பதறாதீங்க. நமக்கு கிடைக்கிற கம்மி சான்ஸை வீணாக்காம இருக்கிறதுதான் கணக்கு.

படி 2: தூரம்

கபடி ஆடினவங்களுக்கு இது சட்டுனு புரியும். ரெய்டு வர்றவன் கோட்டுக்கு உள்ள ஒரு காலை வெச்சு வெச்சு எடுப்பான்ல, டிஃபென்டர் அவசரப்பட்டு பாய்ஞ்சா தொட்டுட்டு ஓடிருவான். டேஷ் டான்ஸ் அதேதான். மார்த்தோட டேஷ் டான்ஸ் இந்த கேம்லயே ரொம்ப நல்ல டேஷ் டான்ஸ்கள்ல ஒண்ணு. ஃபாக்ஸ் ஒரு தாவு தாவி நியூட்ரல் ஏர் போட்டா சரியா எங்க வந்து எறங்குவானோ, அந்த இடத்துக்கு ஒரு சாண் வெளிய நீங்க இருக்கணும். உள்ள போற மாதிரி காட்டுங்க, வெளிய வாங்க. அவன் தாவினா நீங்க ஏற்கனவே பின்னாடி போயிருப்பீங்க, அவன் வெறும் தரையில எறங்குவான், அந்த எறங்குற நேரத்துல உள்ள போய் கிராப்.

புதுசா ஆடுறவங்க இங்க பண்ற தப்பு: டேஷ் டான்ஸை ஒரே தாளத்துல ஆடுறது. லெஃப்ட் ரைட் லெஃப்ட் ரைட்னு கடிகாரம் மாதிரி ஆடினா எதிராளி அந்தத் தாளத்தை எண்ணி, நீங்க உள்ள வர்ற நேரம் பாத்து குதிப்பான். ஒரு தடவ நீளமா, ஒரு தடவ குட்டையா, நடுவுல ஒரு வேவ்டேஷ் பின்னாடி, சில சமயம் சும்மா நின்னுடுறது. சும்மா நிக்கிறது இருக்கே, அதுக்கு ஃபாக்ஸ் ப்ளேயர்ஸ் ரொம்ப குழம்புவாங்க.

சரி, அப்போ கத்தி எதுக்கு? அவன் சும்மா ஓடி வரக்கூடாதுங்கிற பயத்தை விதைக்க. தரையில ஓடி வந்து ஷீல்டு போட்டு நிக்கிறவனுக்கும் ஓடி வந்து ஷைன் போட நினைக்கிறவனுக்கும் டவுன் டில்ட், முனை மட்டும் படுற மாதிரி. போட்டு முடிச்சதும் 20வது ஃப்ரேம்ல அடுத்த வேலைக்கு கை ஃப்ரீ. குதிச்சு குதிச்சு வர்றவனுக்கு எழும்பும்போதே ஃபார்வர்ட் ஏர். அதை எல்-கேன்சல் பண்ணா 15 ஃப்ரேம் லேண்டிங் லேக் 7 ஆயிடும், பண்ணலன்னா ஷைன் வாங்குவீங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனா பூஜ்ஜியத்துல இருக்கிற ஃபாக்ஸ் மேல டவுன் டில்ட்டையும் ஃபார்வர்ட் ஏரையும் நம்பாதீங்க. அவன் குனிஞ்சு உக்காந்தா போதும், க்ரவுச் கேன்சல்ல அடியோட தள்ளு மூணுல ரெண்டு பங்கா குறைஞ்சிடும், நீங்க அடிச்ச அடியை வாங்கிட்டே திரும்ப ஷைனோ அப் ஸ்மாஷோ போடுவான். நான் எவ்வளவு நாள் 'அடிச்சேன்ல, எப்படி எனக்கு விழுது'ன்னு கத்தியிருக்கேன் தெரியுமா. குனிஞ்சு உக்காந்தவனுக்கு மருந்து கிராப் மட்டும்தான்.

படி 3: கிராப் எங்க கிடைக்கும்

பெரும்பாலும் மூணு இடத்துல. மொதல் இடம் மேல சொன்னதுதான், தாவி ஏமாந்து எறங்குறப்ப. ரெண்டாவது, அவன் உங்க ஷீல்டு மேல ஏரியலை (காத்துல போடுற அடியை) சீக்கிரமா போட்டுட்டான்னா, அதாவது உயரத்துலயே அடிச்சிட்டான்னா, அவன் எறங்கி ஷைன் போடுறதுக்குள்ள ஒரு இடைவெளி வரும், அதுல ஷீல்டு கிராப். லேட்டா அடிச்சிருந்தான்னா கிராப்புக்கு நேரமே இருக்காது, ஷைன் உங்க கையிலேயே விழும். இந்த சீக்கிரம்-லேட் வித்தியாசத்தைக் கண்ணு பழகுறதுக்கு மாசக்கணக்கு ஆகும், எனக்கு இன்னும் பாதிக்கு பாதிதான் சரியா வருது. மூணாவது, அவன் ப்ளாட்ஃபார்ம்ல இருந்து தப்பிச்சு கீழ வர்றப்ப. மேல இருக்கிற ஃபாக்ஸுக்கு கீழ வரணும்னு ஒரு அவசரம் இருக்கும், அந்த அவசரத்துக்கு கீழ நின்னு காத்திருக்கிறது.

கவனிங்க, மூணுலயும் நாம முன்னேறி தாக்கல. அவன் வந்தான், நாம பிடிச்சோம். முன்னேறிப் பிடிக்கிறதும் உண்டு, அவன் லேசர் அடிக்க நின்னா ஓடிப் போய் பிடிக்கலாம், ஆனா அதைக் குறைவா வெச்சுக்குங்க.

படி 4: பிடிச்சாச்சு, இனி என்ன

இங்க கொஞ்சம் நிதானமா படிங்க, கேம் ஜெயிக்கிறதும் தோக்குறதும் இங்கதான்.

ப்ளாட்ஃபார்ம் இல்லாத இடத்துல, அதாவது ஃபைனல் டெஸ்டினேஷன்ல, அப் த்ரோ (பிடிச்சவனை மேல எறியிறது). அவன் மேல போய் திரும்ப வருவான், வர்றவனைத் திரும்ப பிடி, திரும்ப எறி. இதுக்குப் பேர்தான் செயின் கிராப். இதை ஒரு கணக்கு வாத்தியார் மாதிரி ஆடிக்காட்டி பேர் வாங்கினவர் மியூ2கிங்ங்கிற ப்ளேயர். அவர் மார்த்தை எஃப்டியில (ஃபைனல் டெஸ்டினேஷன்தான்) பாத்த ஃபாக்ஸ் ப்ளேயர்ஸ்தான் எஃப்டியை பேன் பண்ற பழக்கத்தைப் பிடிச்சுகிட்டாங்கன்னே சொல்லலாம்.

பர்சென்ட் வாரியா எப்படின்னா:

ஆரம்பத்துல, ரொம்ப சின்ன பர்சென்ட்ல, அவன் உயரமா போக மாட்டான். டிஐ (அடி வாங்குறப்ப ஸ்டிக்கை இழுத்து பறக்கிற திசையை மாத்துறது) எந்தப் பக்கம் புடிக்கிறான்னு மட்டும் பாருங்க. முன்னாடி முழுசா இழுத்தா ரெண்டடி டேஷ் போட்டு கிராப், பின்னாடி இழுத்தா திரும்பி கிராப், இழுக்கவே இல்லன்னா நின்ன இடத்துலயே. முன்கூட்டியே ஓடிடாதீங்க. அவன் பொம்மை எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்துட்டு நகர நேரம் இருக்கு, மொத சில வாரம் இல்லாத மாதிரிதான் தோணும், ஆனா இருக்கு.

கொஞ்சம் ஏறினதும், இருபதுகள் பக்கம் வரும்போது ஒரு வில்லங்கம் வரும். அவன் டிஐயை முழுசா இழுக்காம லேசா இழுப்பான். அப்போ அவன் விழுற இடம் உங்களுக்கு ரொம்ப கிட்டவும் இல்ல, டேஷ் போடுற அளவு தூரமும் இல்ல. டேஷ் போட்டா தாண்டிப் போயிடுவீங்க, நின்னா கை எட்டாது. இதுக்குதான் பிவட் கிராப், டேஷ் ஆரம்பிச்சு திரும்புற அந்த ஒரு ஃப்ரேம்ல கிராப். கஷ்டம்தான். முடியலன்னா வெக்கப்படாம அப் டில்ட் போடுங்க, செயின் விட்டுப்போனாலும் அடி கையைவிட்டுப் போகாது. தவறினா என்ன ஆகும்? அவன் விழும்போதே ஷைன் போடுவான், மொத ஃப்ரேம்ல வர்றதாச்சே, உங்க கிராப் கை நீளுறதுக்குள்ள நீங்க பறந்திருப்பீங்க.

சுமார் முப்பதைத் தாண்டினதும் கிராப்பை விட்டுருங்க. நிறைய பேர் இங்க பேராசைப்பட்டு இன்னொரு கிராப் இன்னொரு கிராப்னு போய் தவற விடுவாங்க. இப்ப அவன் உயரமா போறான், அப் த்ரோவுக்கு அப்புறம் அப் டில்ட், இல்ல குதிச்சு அப் ஏர். அப் ஏர் ஒண்ணு பட்டா அவன் திரும்ப தலைக்கு மேலயே இருப்பான், எறங்கி நின்னு திரும்ப அப் ஏர். அவனுக்கு டபுள் ஜம்ப் இருக்கான்னு கவனம் வைங்க. டபுள் ஜம்ப் போயிட்ட ஃபாக்ஸ் ஆகாசத்துல நிக்கிற தேங்கா மாதிரி, எப்ப விழும் எங்க விழும்னு தெரியும். விழுற இடத்துல இருந்து கத்தி நீளத்துக்கு ஒதுங்கி நின்னு ஃபார்வர்ட் ஸ்மாஷ், முனை படணும். அது 10வது ஃப்ரேம்ல வரும், அதையும் சேத்துக் கணக்கு போட்டு அழுத்துங்க. ஓரத்துக்குப் பக்கத்துல பட்டா பெரும்பாலும் அதோட ஸ்டாக் முடிஞ்சுது.

ப்ளாட்ஃபார்ம் இருக்கிற ஸ்டேஜ்ல கதை வேற. அப் த்ரோ போட்டா அவன் போய் ப்ளாட்ஃபார்ம்ல எறங்கிடுவான். அது நமக்கு கெட்டது இல்ல. அங்க விழுந்தவன் நாலுல ஒண்ணுதான் பண்ண முடியும்: அதே இடத்துல டெக் (விழுந்ததும் உடனே எழுறது), லெஃப்ட் உருளல், ரைட் உருளல், இல்ல டெக் பண்ணாம கிடக்கிறது. கீழ நின்னு அப் டில்ட் போட்டா அந்த கத்தி அரைவட்டம் ப்ளாட்ஃபார்ம் மேல ஒரு நல்ல பங்கை மூடிரும். யோஷிஸ் ஸ்டோரியில, பேட்டில்ஃபீல்ட்ல சைடு ப்ளாட்ஃபார்முக்கு கீழ நின்னு பாருங்க, அவன் இருந்த இடத்துலயே டெக் பண்ணா அப் டில்ட்டே போதும், உருண்டா பாத்துட்டு நகர்ந்து அப் ஏர். யூகிக்காதீங்க, பாத்துட்டு பண்ணுங்க.

படி 5: வெளிய தள்ளினவன் உள்ள வரக்கூடாது

ஃபாக்ஸ் திரும்ப வர்றதுக்கு ரெண்டே வழிதான், சைடு பி இல்யூஷன், அப் பி ஃபயர்ஃபாக்ஸ். ரெண்டுலயும் அவன் கத்திக்கு வாகா வருவான்.

ஃபயர்ஃபாக்ஸ் கிளம்ப 42 ஃப்ரேம் ஆகும். கிட்டத்தட்ட முக்கால் செகண்ட். அந்த நேரம் அவன் காத்துல நெருப்பு கொளுத்திட்டு நிக்கிறான், எங்க நிக்கிறான்னு உங்களுக்குத் தெரியுது, எங்க போக முடியும்னும் பாதி தெரியுது. நெருப்புக்குள்ள போய் நிக்காதீங்க, கிளம்புறதுக்கு முன்னாடியே அந்த நெருப்பு குட்டி குட்டியா சுடும். கத்தி முனை மட்டும் எட்டுற தூரத்துல நின்னு ஃபார்வர்ட் ஏரோ, அவன் கீழ இருந்து லெட்ஜை (ஸ்டேஜ் விளிம்பை) நோக்கி வந்தா டவுன் டில்ட்டோ போடுங்க. அவன் ரொம்ப கீழ இருந்தான்னா நீங்களே லெட்ஜைப் பிடிச்சுடுங்க. லெட்ஜ்ல ஒருத்தர்தான் தொங்க முடியும். அப்போ அவன் ஸ்டேஜ் மேல எறங்கியே ஆகணும், எறங்கும்போது ஒண்ணும் பண்ண முடியாம தவிப்பான், நீங்க உருண்டோ எழுந்தோ மேல வந்து அடிக்கலாம்.

இல்யூஷன் வேகமா நேர்கோட்டுல வரும். இதைப் பாத்துட்டு அடிக்கிறது கஷ்டம், ஆனா கிளம்புறதுக்கு ஒரு சின்ன இழுவை இருக்கு, அதோட அவன் எந்த உயரத்துல வர்றான்னு முன்னாடியே தெரியுது. லெட்ஜ் உயரத்துல வந்தா ஓரத்துல நின்னு டவுன் டில்ட் போட்டு வைங்க, அவனே வந்து கத்தியில ஏறுவான். ஸ்டேஜுக்கு மேல வர்ற உயரத்துல இருந்தா ஜாப், இல்ல ஃபார்வர்ட் ஸ்மாஷ். ப்ளாட்ஃபார்ம் மேல போய் எறங்குற ஆளுங்களும் உண்டு, அவங்களுக்கு மறுபடி அந்த அப் டில்ட் பாடம்தான்.

ஒரு விஷயம், எட்ஜ்கார்ட்ல (இப்படி உள்ள வரவிடாம தடுக்கிறதுல) ஒரே அடியில கொல்லணும்னு இல்ல. டவுன் டில்ட் ஒண்ணு பட்டு அவன் திரும்ப வெளிய போனா அது ஜெயம்தான், திரும்ப அதே கேள்விக்கு பதில் சொல்லிட்டு வரணும். நான் மொதல்ல எல்லாம் வெளிய குதிச்சு டவுன் ஏர் ஸ்பைக் (நேரா கீழ தள்ளுற அடி) போடப் பாப்பேன், கென் காம்போ மாதிரி, ஃபார்வர்ட் ஏர்ல இருந்து டவுன் ஏர், கென் ஹோவாங்ங்கிற மார்த் ப்ளேயர் பேர்ல இருக்கிற அந்த காம்போ. பாக்க அழகு. பத்துல ஒண்ணு விழும், மிச்ச ஒன்பதுல நான் லெட்ஜுக்கு வர வழியில்லாம கீழ போயிட்டு இருப்பேன்.

படி 6: நூறு தாண்டியும் சாகாத ஃபாக்ஸ்

மார்த் ப்ளேயர்களோட நிரந்தர வியாதி. போன மாசம் நண்பன் ஒருத்தன்கூட ஆடுறேன், கடைசி ஸ்டாக், அவன் 140, நான் 35. ஜெயிச்சாச்சுன்னே நினைச்சேன். ஒரு டிப்பர் (கத்தி முனை அடி) போதும்ல, அதனால ஃபார்வர்ட் ஸ்மாஷ் போட்டேன், தவறிச்சு, ஒரு ஷைன் வாங்கினேன். திரும்ப ஃபார்வர்ட் ஸ்மாஷ். ரீப்ளே போட்டு எண்ணிப் பாத்தப்ப ஆறு தடவ போட்டிருக்கேன், ஆறும் காத்துல. ஆறாவது தடவ அவன் ஓடி வரக்கூட இல்ல, கொஞ்சம் தள்ளி நின்னு நான் வீசி முடிக்கட்டும்னு காத்திருந்து பொறுமையா வந்து பிடிச்சான், அப் த்ரோ, அப் ஏர், முடிஞ்சுது. நண்பன் சிரிக்கக்கூட இல்ல, அதுதான் இன்னும் வலிச்சுது.

ஏன் இப்படி ஆகுதுன்னா, நூறு தாண்டினதும் அப் த்ரோ அவனை ரொம்ப உயரத்துக்கு அனுப்பிடுது, பின்னாடியே எதுவும் தொடராது. அடிச்ச அடி எல்லாம் எட்டாத தூரத்துக்கு தள்ளுது. அதனால கை தானா டிப்பரைத் தேடும். தேடாதீங்க. இந்த நேரத்துலயும் கிராப்தான், ஆனா எறியிற பக்கத்தை மாத்துங்க: முன்னாடியோ பின்னாடியோ, எந்தப் பக்கம் ஸ்டேஜ் ஓரம் கிட்ட இருக்கோ அந்தப் பக்கம் வெளிய எறியுங்க. கொல்றது த்ரோ இல்ல, அதுக்கப்புறம் வர்ற படி 5. கிராப் கிடைக்கலன்னா ஓரத்துப் பக்கம் ஒரு டவுன் டில்ட், ஒரு ஃபார்வர்ட் ஏர், ஒரு பேக் ஏர், எது பட்டாலும் அவன் வெளிய போவான். மேல இருந்து வர்றவனுக்கு அப் ஏர் முனை பட்டா உச்சியிலயும் போவான், சின்ன ஸ்டேஜ்ல குறிப்பா.

இந்த நேரத்துலதான் ஃபாக்ஸ் பதட்டத்துல அதிகமா குதிப்பான், எனக்குத் தெரிஞ்ச எல்லா ஃபாக்ஸும் இப்படித்தான். தூரத்தை முன்ன விட இன்னும் ஒரு சாண் கூட்டி நில்லுங்க.

படி 7: நாம அடி வாங்குறப்ப

ஷீல்டுல மாட்டிகிட்டா பதறி பட்டன் தட்டாதீங்க. ஷைன், குதி, ஏரியல், ஷைன்னு அவன் சுத்திட்டு இருப்பான். நமக்கு இருக்கிற வேகமான வழி டால்ஃபின் ஸ்லாஷ் (மார்த்தோட அப் பி), 5வது ஃப்ரேம்ல அடிக்கும், அதுவரைக்கும் நம்மள தொட முடியாது. தவறிச்சுன்னா ஆகாசத்துல இருந்து கைய விரிச்சுகிட்டு எறங்கணும், அவன் கீழ அப் ஸ்மாஷை சார்ஜ் பண்ணிட்டு இருப்பான், அதனால ஒரு செட்டுக்கு ஒண்ணு ரெண்டு தடவ மட்டும், அவன் எதிர்பாக்காதப்ப. மிச்ச நேரம் வேவ்டேஷ் போட்டு ஷீல்டுல இருந்து வெளிய போறதுதான் நல்லது.

ஃபாக்ஸோட அப் த்ரோ அப் ஏர் பத்தி: த்ரோவுக்கு ஒரு பக்கமா முழுசா டிஐ புடிங்க, பக்கத்தை மாத்தி மாத்தி. அப் ஏர் ரெண்டு அடி, மொதல் அடி 5, ரெண்டாவது 13. கொல்றது ரெண்டாவதுதான். மொத அடி பட்டதும் ஸ்டிக்கை படபடன்னு ஒரு பக்கம் தட்டி எஸ்டிஐ பண்ணா ரெண்டாவது அடி தவறும். எல்லா தடவையும் வராது, வர்றப்ப அவன் முகம் எப்படி ஆகும்னு கற்பனை பண்ணிக்கலாம்.

வெளிய போயிட்டா டபுள் ஜம்ப்பை கஞ்சன் காசு மாதிரி வெச்சுக்குங்க. டால்ஃபின் ஸ்லாஷ் மேல போகும், பக்கவாட்டுல அவ்வளவா போகாது. ஆகாசத்துல மொத சைடு பி ஒண்ணு லேசா தூக்கிக் கொடுக்கும், அதையும் கணக்குல வைங்க. அவன் ஷைன் போட வெளிய குதிச்சு வருவான், ஒரு ஷைன் பட்டா மார்த் அப்படியே கிடையா வெளிய போயிடுவான், திரும்ப வர முடியாது. வர்றது தெரிஞ்சா முன்னாடியே கத்தியை வீசிட்டு வாங்க.

படி 8: ஸ்டேஜ்

லீகல் ஸ்டேஜ் ஆறு. மேல எவ்வளவு உயரத்துல சாவுன்னு கேம் நம்பர்ல பாத்தா யோஷிஸ் ஸ்டோரி 168, போக்கிமான் ஸ்டேடியம் 180, எஃப்டி 188, பேட்டில்ஃபீல்ட் 200, ஃபவுன்டன் ஆஃப் ட்ரீம்ஸ் 202.5, ட்ரீம் லேண்ட் 250. ஃபாக்ஸ் மேல அனுப்பி கொல்றவன், அதனால கூரை உயரமா இருந்தா நமக்கு ஆயுசு கூடும், ஆனா ட்ரீம் லேண்ட்ல அவன் ஓடி ஒளிஞ்சு லேசர் அடிக்க இடமும் கூடும், நம்ம டிப்பரும் அங்க சீக்கிரம் கொல்லாது. நான் ட்ரீம் லேண்டை பேன் பண்றவன். ஸ்டேடியத்தை பேன் பண்ற மார்த்துகளும் நிறைய, அவங்க பக்கமும் நியாயம் இருக்கு, கூரை தாழ்வு, தரை அகலம், ஃபாக்ஸ் கேட்ட மாதிரி கட்டிக்கொடுத்த வீடு.

எஃப்டியை எதிராளி பேன் பண்ணலன்னா யோசிக்காம அங்க போங்க. பேன் பண்ணிட்டான்னா எனக்கு யோஷிஸ் ஸ்டோரி. சின்ன இடம், அவனுக்கு ஓட இடமில்ல, எங்க நின்னாலும் ஓரம் கிட்ட இருக்கு, அதனால டிப்பர் சீக்கிரமே கொல்லும். கூரை தாழ்வா இருக்கிறதால அவனும் சீக்கிரம் கொல்லுவான், ரெண்டு பேரும் கத்தி முனையில நிக்கிற இடம் அது. அங்க ராண்டல்னு ஒரு மேகம் ஸ்டேஜைச் சுத்தி வரும், ஒரு சுத்துக்கு 20 செகண்ட், மேல டைமரைப் பாத்தே அது எங்க இருக்கும்னு சொல்லலாம். அதை மனப்பாடம் பண்ணுங்க, செத்தோம்னு நினைச்சு விழுறப்ப காலுக்கு கீழ மேகம் வர்ற சுகம் தனி. அவனுக்கும் வரும், அதையும் மறக்காதீங்க, நான் ஒரு தடவ ஃபாக்ஸை வெளிய அனுப்பிட்டு ஸ்டிக்கை விட்டுட்டு தண்ணி குடிக்கப் போனேன், அவன் ராண்டல் மேல நின்னு லேசர் அடிச்சிட்டு இருக்கான்.

படி 9: எப்படிப் பழகுறது

அங்கிள்பஞ்ச் ட்ரெய்னிங் பேக் போட்டுக்குங்க, அதுல கம்ப்யூட்டர் ஃபாக்ஸோட டிஐயை மாத்தி மாத்தி வைக்கிற வசதி இருக்கு. எஃப்டியில அவனை வெச்சு டிஐ ஒரு பக்கம் மட்டும்னு போட்டு அப் த்ரோ செயினை பழகுங்க, அது கைக்கு வந்ததும் மறுபக்கம், அப்புறம்தான் ரேண்டம். மொத நாளே ரேண்டம் போட்டா வெறுத்துருவீங்க. தினம் பதினஞ்சு நிமிஷம் போதும்.

பாக்கிறதுக்கு ஜெயின்ங்கிற மார்த் ப்ளேயரோட மேட்ச்சுகள். 2020ல ஜெனிசிஸ் 7 டோர்னமென்ட்டை மார்த் வெச்சு ஜெயிச்சவர். அவர் ஃபாக்ஸ்கூட ஆடுறதைப் போட்டு காம்போ வர்ற இடத்தை எல்லாம் தள்ளிவிட்டு, காம்போவுக்கு முன்னாடி ரெண்டு செகண்ட் மட்டும் பாருங்க, எங்க நின்னாரு, எந்த தூரத்துல திரும்பினாரு, ஃபாக்ஸ் தாவுறப்ப அவர் ஏற்கனவே எந்தப் பக்கம் நகர்ந்துட்டு இருந்தாருன்னு.

உங்க சொந்த ரீப்ளேக்கும் அதேதான். ஸ்லிப்பி எல்லா மேட்ச்சையும் சேவ் பண்ணி வெச்சிருக்கும். ஒரு பேப்பர் எடுத்து ரெண்டு கோடு போடுங்க, ஒரு பக்கம் எத்தனை கிராப் கிடைச்சுது, இன்னொரு பக்கம் ஒவ்வொரு கிராப்லயும் எவ்வளவு பர்சென்ட் எடுத்தீங்க. நான் மொத தடவ எழுதினப்ப ஒரு மேட்ச்ல ஒன்பது கிராப் இருந்துது, அதுல அஞ்சுல வெறும் அப் த்ரோ டேமேஜ் மட்டும், 4, 4, 4, 4, 4.